டார்க் ரூமை இடித்த பிறகு

கவிதா கேட்டதற்காக எழுதுகிறேன். எக்ஸ்ரே பிரிவில் என் கடைசி சில வருடங்களில் என்னோடு வேலை பார்த்த பெண் அவள். எங்கள் சங்கத்தில் ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைத் தொகுத்து ஒரு மலர் போடுகிறார்களாம். "அக்கா, உங்க காலத்துல ஃபிலிமைக் கழுவித்தானே படம் எடுத்தீங்க? அந்த டார்க் ரூம் கதையெல்லாம் எழுதுங்க. இப்ப வர்றவங்களுக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியல" என்றாள்.

டார்க் ரூமைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஃபிலிம் கழுவும் மருந்தை எப்படிக் கலப்பது, வெயில் காலத்தில் டெவலப்பரை எப்படிக் குளிர வைப்பது என்றெல்லாம் அவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். படம் கழுவி முடித்த பிறகும் நான் ஏன் அந்த அறையை விட்டு வெளியே வராமல் இருந்தேன் என்பதை மட்டும் நான்தான் எழுத முடியும். கவிதாவுக்கு அது தெரியும். சங்கத்தில் மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த எஸ்தர் அம்மாவுக்குத் திமிர் ஜாஸ்தி என்பதுதான்.

உட்கார்ந்து எழுதுவதும் சுலபமாக இல்லை. பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கிறார்கள். நான்கு வரி எழுதுகிறேன், எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன், திரும்ப வருகிறேன். தொழிற்சாலையில் மாட்டுவார்களே, அந்தக் காது மூடியை மாட்டியிருக்கிறேன். என் கணவர் சாமுவேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏரோப்ளேன் இறக்கறவ மாதிரி கீற" என்று சைகையும் வாயசைப்புமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

நான் மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டு, அறுப்பு அறுத்து என்னைப் படிக்க வைத்தார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் சர்ச்சில் யாரோ சொல்லி, எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தேன். அந்த இரண்டு வருடத்தில் ஞாபகம் இருப்பது இரண்டே விஷயம். ஒன்று, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நூறு எவர்சில்வர் தட்டுகள் ஒன்றாக மோதுகிற சத்தம். அதற்குப் பயந்து பாதி நாள் சாப்பிடாமல் இருந்தேன். இன்னொன்று, எங்கள் பாடப் புத்தகம். எந்த எலும்புக்கு உடம்பை எப்படித் திருப்ப வேண்டும், குழாயை எவ்வளவு உயரத்தில், எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று படத்தோடு போட்டிருக்கும். அதைக் கதைப் புத்தகம் மாதிரி படித்தேன். தேர்வில் முதலாவதாக வந்தேன்.

வேலை கிடைத்தது செங்கல்பட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். முதல் நாள் வராண்டாவில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது, இந்த இடம் என்னைத் தின்றுவிடும் என்று.

எனக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சத்தங்கள் தனித்தனியாக இருக்கும். ஸ்ட்ரெச்சர் சக்கரம், குழந்தை அழுகை, டியூப் லைட்டின் ரீங்காரம், சீட்டை நீட்டிப் பேசுகிற ஆள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். என் முன்னால் நிற்பவர் பேசுவதும், வராண்டாவின் அந்தக் கோடியில் எவரோ இருமுவதும் ஒரே அளவில் காதில் விழும். பிறகு சொற்கள் சொற்களாக இருக்காது. "வலது கை" என்று யாராவது சொன்னால் அது வெறும் ஓசை. கட்டியிருக்கிற புடவை உப்புத்தாள் மாதிரி தோலைத் தேய்க்கும். அதற்கப்புறம் எனக்கு இரண்டே வழி. ஓட வேண்டும், இல்லையென்றால் சிலை மாதிரி நின்றுவிட வேண்டும்.

முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினால் அவர்கள் சொல்வது எனக்குக் கேட்காது. அதனால் மணிக்கட்டையோ தோள்பட்டையையோ பார்த்துப் பேசுவேன். எக்ஸ்ரே எடுப்பவள் என்பதால் பலர் அதைத் தொழில் பழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே புடிங்க. ம், விடுங்க." இந்த மூன்று வாக்கியமும் என்னைக் காப்பாற்றின. எத்தனை ஆயிரம் முறை சொன்னாலும் அவை மாறாது. எதிரில் இருப்பவர் பதில் பேச முடியாது, மூச்சைப் பிடித்திருப்பார்.

எங்கள் தலைமை டெக்னீஷியன் தேவராஜ் சார். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டுத் தேய்த்தது. நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார். "ஏய் முழங்காலு, உள்ள வா. மார்பு, நீ அப்பால நில்லு. இடுப்பு எங்கப்பா போச்சு?" என்பார். குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ஆனால் அவர் கை வைத்துத் திருப்பி நிறுத்தினால் உடைந்த காலும் வலிக்காது. கத்திக்கொண்டே மென்மையாகத் தொடுவார். அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது, அவர் பக்கத்தில் நிற்கத்தான் முடியாது.

டார்க் ரூம் எக்ஸ்ரே அறையின் மூலையில் இருந்தது. இரண்டு கதவு. ஒன்றை மூடிவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு சிவப்பு பல்பு. ஃபிலிம் வைத்துப் படம் எடுத்த தட்டைப் பெட்டியை, அதற்குப் பெயர் கேசட், கொண்டுபோய், இருட்டில் தடவித் திறந்து ஃபிலிமை உருவி, நான்கு மூலையும் ஹேங்கரில் மாட்ட வேண்டும். முதலில் டெவலப்பர் தொட்டி. ஹேங்கரை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருந்தால், சிவப்பு வெளிச்சத்தில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்து நிற்கும். பிறகு தண்ணீரில் ஒரு முக்கு. பிறகு படம் அழியாமல் நிற்க வைக்கிற ஃபிக்ஸர் தொட்டி. பிறகு ஓடுகிற தண்ணீர். எந்தப் படியையும் அவசரப்படுத்த முடியாது, எவ்வளவு பெரிய டாக்டர் வெளியே நின்று கத்தினாலும்.

ஃபிக்ஸர் நாற்றத்தை முதல் சில மாதங்கள் என்னால் தாங்க முடியவில்லை. வாந்தி எடுத்தேன். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு வேலை செய்தேன். ஆனாலும் அந்த அறையை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. உள்ளே நாற்றம் ஒன்றுதான். வெளியே எல்லாமும்.

கூட்டம் நெரிகிற நாட்களில், கழுவ ஃபிலிம் இல்லாவிட்டாலும் உள்ளே போய் நிற்பேன். சொற்கள் மறுபடி சொற்களாகிற வரை நிற்பேன். ஒருநாள் வெளியே வரும்போது தேவராஜ் சார் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"இன்னாம்மா, உள்ள தூங்கினுகீறியா?"

"இல்ல சார்."

"பின்ன இன்னா பண்ற?"

"வெளிய சத்தமா கீது சார்."

"ஆஸ்பத்திரின்னா சத்தமாத்தான் இருக்கும். லைப்ரரிலயா வேல பாக்குற? வா, நீ இன்னா பண்றன்னு நானும் பாக்குறேன்."

ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். கதவை மூடினேன். அவர் முகம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை மட்டும் மங்கலான சிவப்பாகத் தெரிந்தது. நான் ஃபிலிமை மாட்டி டெவலப்பரில் இறக்கினேன். ஏன் இந்த வேகத்தில் அசைக்கிறேன், மருந்து தளர்ந்துபோனதை விரல் எப்படிச் சொல்கிறது, நேற்று எடுத்த முதுகெலும்புப் படம் ஏன் சாம்பலாக வந்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். முகம் இல்லாததால் பேச்சு தானாக வந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

ஃபிலிமைத் தண்ணீரில் முக்கி எடுக்கும் வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எம்மாடி, உனக்குப் பேச வருமா?" என்றார்.

மறுநாளிலிருந்து ஏற்பாட்டை மாற்றினார். புற நோயாளிகள் நேரத்தில் அவர் வெளியே, நான் உள்ளே. இதை அவர் என் மேல் இரக்கப்பட்டுச் செய்ததாக நான் சொல்ல மாட்டேன். அவருக்கு ஆட்களோடு பேசப் பிடிக்கும், ஃபிக்ஸர் தெறித்துப் பேண்ட் மஞ்சளாவது பிடிக்காது. "என் பேண்ட்டாவது பொழைக்கட்டும்" என்றார். இருவருக்கும் பிடித்த வேலை இருவருக்கும் கிடைத்தது. அவர் ஓய்வு பெறும் வரை அப்படியே ஓடியது.

வீட்டில் என் டார்க் ரூம் சாமுவேல்தான். ஸ்கூல் வேன் ஓட்டினார். கல்யாணம், ஞானஸ்நானம், சர்ச் பண்டிகை எதற்குப் போனாலும் மைக் செட் போடும் இடத்தைப் பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் வேனை நிறுத்துவார். நான் ஒரு முகம் காட்டிவிட்டு வேனில் வந்து உட்கார்ந்துகொள்வேன். யாராவது கேட்டால், "அவளுக்குத் தலைவலி" என்பார். என் மாமியார் ஒருமுறை கேட்டார்: "கல்யாணம் ஆன நாளா ஒரே தலைவலியாடா அவளுக்கு?" இவர் அசரவே இல்லை. "ஆமாம்மா, பெரிய தலைவலி" என்றார்.

இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கும் என்று எனக்கோ அவருக்கோ தோன்றியதே இல்லை. நான் அப்படிப்பட்ட ஆள், அவ்வளவுதான்.

பிறகு என்னைக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். சின்னது என்று பெயர்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் விழுந்தவர்கள், மாமல்லபுரத்தில் பாறையில் வழுக்கியவர்கள், சதுரங்கப்பட்டினம் வரை உள்ள மீனவக் குப்பத்து ஆட்கள், எல்லாரும் அங்கேதான் வருவார்கள். அங்கேயும் ஒரு டார்க் ரூம் இருந்ததால் சமாளித்தேன். ஒருநாள் லாரியில் புது மெஷினும் கம்ப்யூட்டரும் வந்து இறங்கின. இனி ஃபிலிம் கழுவ வேண்டாம், கேசட்டைச் செருகினால் திரையில் படம் வந்துவிடும் என்றார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் படத்தைப் பார்த்தபோது சந்தோஷம்தான், அவ்வளவு தெளிவு. அடுத்த வாரம் கொத்தனார் வந்து டார்க் ரூம் சுவரை இடித்தார். அந்த இடத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்து, சீட்டு வாங்கும் கவுண்டர் ஆக்கினார்கள்.

தலைமை மருத்துவர் ரேவதி மேடம். நடந்துகொண்டே பேசுவார். ஒரு வாக்கியத்தை என்னிடம் ஆரம்பித்து, நடுவில் போனில் யாருக்கோ பதில் சொல்லி, முடிவை நர்ஸிடம் சொல்வார். அதில் எனக்கான வேலை எது என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த வார்டுக்குப் போயிருப்பார். யாரையும் திட்ட மாட்டார். தோளில் தட்டுவார், அதுதான் எனக்குப் பயம். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "கதவு எல்லாம் திறந்தே இருக்கணும். மூடின கதவைப் பார்த்தா ஜனங்க சந்தேகப்படுறாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியணும்." நியாயமான கொள்கை. படம் எடுக்கும் அந்த நொடியைத் தவிர மற்ற நேரமெல்லாம் என் கதவு திறந்தே கிடந்தது. வாசலில் எப்போதும் இருபது முகம்.

டார்க் ரூமை இடித்த பிறகு வந்த ஒன்றரை வருடத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். மதியம் சாப்பிடுவதை நிறுத்தினேன், சாப்பாட்டு நேரத்தில் கழிவறையில் போய் நின்றேன். வீட்டுக்கு வந்தால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் போய் உட்காருவேன். சாமுவேல் டிவியை அணைத்துவிட்டு, சந்தின் வாயில் தட்டை வைப்பார். "நாஸ்தா வெச்சுகீறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். என் மேல் புகார்கள் போக ஆரம்பித்தன. மூஞ்சியைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அப்போதுதான் ஏழுமலையைக் கொண்டுவந்தார்கள்.

திங்கட்கிழமை, நல்ல கூட்டம். வராண்டாவில் ஒரு அலறல். நான்கு பேர் ஒருவனைத் தூக்காத குறையாகப் பிடித்து இழுத்து வந்தார்கள். முப்பது வயது இருக்கும், நல்ல வாட்டசாட்டம். வலது மணிக்கட்டு வீங்கி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் படகை இழுக்கிற டிராக்டர் திடீரென்று உறுமியதில் மிரண்டு ஓடி, கல்லின் மேல் விழுந்துவிட்டானாம். பேச மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றார் கூடவே ஓடிவந்த அவன் அம்மா எல்லம்மா. அவனுடைய அண்ணன் ஒரு பக்கம், எங்கள் ஆஸ்பத்திரி உதவியாளர் பழனி ஒரு பக்கம், இன்னும் இரண்டு பேர் காலைப் பிடித்திருந்தார்கள்.

"மேசையில அமுக்குப்பா! அமுக்கு!"

"கைய நீட்டச் சொல்லு!"

"இன்னாம்மா பாத்துகினு நிக்கிற, சீக்கிரம் எடு!"

அவன் அலறினான். அவர்கள் அவனைவிட அதிகமாகக் கத்தினார்கள். வாசலில் இருந்தவர்கள் உள்ளே தலையை நீட்டினார்கள். தலைக்கு மேல் டியூப் லைட் துடித்துக்கொண்டிருந்தது. அன்று காலையிலிருந்தே அது அப்படித்தான். அவன் அதைத்தான் பார்த்தான். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த கேசட் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. சொற்கள் போய்விட்டன. சுவரில் சாய்ந்தேன்.

அதன் பிறகு கேட்ட குரல் என்னுடையது என்று எனக்கே தெரியாது.

"எல்லாரும் வெளிய போங்க! விடுங்க அவன! போங்க!"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கத்தியதே இல்லை. பழனி கையை விட்டுவிட்டு அப்படியே நின்றார். நான் அவரையும் அண்ணனையும் காலைப் பிடித்திருந்தவர்களையும் தள்ளாத குறையாக வெளியேற்றினேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். விளக்கை அணைத்தேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். பிறகு தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இதை நோயாளிக்காகச் செய்தேன் என்று பிறகு சிலர் பெருமையாகப் பேசினார்கள். நான் எனக்காகச் செய்தேன். அந்த விளக்கு இன்னும் ஒரு நிமிடம் எரிந்திருந்தால் நான்தான் அலறியிருப்பேன்.

இருட்டில் அவன் அலறல் முனகலாக மாறியது. பிறகு மூச்சு மட்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லம்மா உள்ளேதான் இருந்தார். அவரை வெளியே அனுப்ப எனக்குத் தோன்றவில்லை, அவரும் போகவில்லை. தரையில் என் பக்கத்தில், தொடாத தூரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீயும் எம் புள்ள மாதிரியாம்மா கீற?" என்று கேட்டார்.

மெதுவாகத்தான் கேட்டார். அனுதாபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. நீ எந்த ஊரு என்று கேட்பதுபோல. முழங்காலிலிருந்து முகத்தை எடுத்தேன்.

"அவனும் இப்டித்தான் குந்துவான். வலைக் கூடைக்குப் பின்னால பூந்துக்குவான். கொஞ்ச நேரம் வுட்டா சரியாயிடுவான். யாரு வுடறாங்க?"

எழுந்தேன். கை வேலையைத் தேடியது. எல்லம்மாவுக்குக் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனை மாட்டினேன். கேசட்டை மேசையில் வைத்து, படம் விழும் இடத்தைக் காட்டுகிற சின்ன விளக்கை மட்டும் போட்டேன். இருட்டில் மேசைமேல் ஒரு சதுர வெளிச்சம், நடுவில் சிலுவை மாதிரி நிழல். என் கையை அந்த வெளிச்சத்தில் வைத்துக் காட்டினேன், எடுத்தேன். மறுபடி வைத்தேன், எடுத்தேன். ஏழுமலை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மேசைக்கு வந்தான். வீங்கிய கையை இன்னொரு கையால் தூக்கிக் கொண்டுவந்து, அந்தச் சதுரத்துக்குள் வைத்தான்.

நான் தடுப்புக்குப் பின்னால் போய் பொத்தானை அழுத்தினேன். மூச்சைப் பிடிக்கச் சொல்லத் தேவையில்லை. நான்தான் பிடித்திருந்தேன்.

மணிக்கட்டுக்கு இரண்டு கோணத்தில் படம் வேண்டும். இரண்டாவதற்குக் கையைத் திருப்பச் சொன்னபோது வலியில் இழுத்துக்கொண்டான். நான் விட்டுவிட்டேன். எலும்பு டாக்டர், "ஒரே வியூதானா?" என்று சலித்துக்கொண்டார். ஆனால் முறிவு அதிலேயே தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்துக் கட்டுப் போட்டார்கள்.

கதவைத் திறந்ததும் அண்ணன் என் மேல் பாய்ந்தார். "வாய் பேசாதவன இருட்டுல போட்டு உள்ள இன்னா பண்ணீங்க?" என்று ஊரைக் கூட்டினார். அவர் கேட்டதில் தப்பில்லை. தம்பியின் அலறல் சட்டென்று அடங்கியதும் அவருக்கு என்னென்னவோ தோன்றியிருக்கும். ரேவதி மேடம் எங்களை அவர் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே போன் அடித்தது, மின்விசிறி டக் டக் என்றது, அண்ணன் ஒரு பக்கம், அதற்கு மேல் குரலில் எல்லம்மா இன்னொரு பக்கம். "எஸ்தர், சொல்லுங்க. என்ன நடந்தது?" என்றார் மேடம். என்னிடம் ஒரு சொல் இல்லை. அவர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி கேட்டார். மறுபடி நின்றேன்.

கடைசியில் மேடம் பெருமூச்சு விட்டார். "நீங்க ஒரு வாரம் லீவ் போட்டுட்டுப் போங்க. வந்ததும் நீங்க எனக்கு விளக்கம் சொல்லணும். இல்லைன்னா நான் மேல எழுதறதைத் தவிர வழியில்ல."

வீட்டில் பீரோச் சந்திலிருந்தே சாமுவேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லம்மா கேட்டதையும் சொன்னேன். அவர் சந்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

"என் வேன்ல ஒரு பொண்ணு வருது எஸ்தரு. காதைப் பொத்திகினே வரும். அதுக்கு ஹாரன் அடிக்காம ஓட்டுறேன். உனக்கு ஓட்டுற மாதிரிதான். அவங்க அம்மாவ ஒரு வார்த்த கேக்கட்டா, எந்த டாக்டருன்னு?"

அப்படித்தான் சென்னைக்குப் போனோம். இந்த மாதிரி விஷயத்துக்குக் குழந்தைகளை மட்டும் பார்க்காமல் பெரியவர்களையும் பார்க்கிற டாக்டரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. நிறையக் கேள்விகள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை. லீவை நீட்டினேன். முடிவில் ஆட்டிசம் என்றார். தமிழில் மன இறுக்கம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்கு இன்றுவரை தகராறு. என் மனம் இறுகியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேனே! அது கதவே இல்லாத வீடு மாதிரி கிடக்கிறது. யார் வேண்டுமானாலும், எது வேண்டுமானாலும் நேராக உள்ளே வந்துவிடுகிறது.

திரும்பி வரும் வழியில் கோவளத்தில் வேனை நிறுத்தச் சொன்னேன். வெயிலில் கடற்கரையில் யாரும் இல்லை. நடந்தேன். தெரிந்துகொண்டால் நிம்மதி வரும் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு வரவில்லை. நடக்க நடக்க ஒவ்வொன்றாக வந்து நின்றது. விடுதியில் பட்டினி கிடந்தது. அம்மா இறந்து கிடந்தபோது ஒப்பாரிச் சத்தம் தாங்காமல் வெளியே நின்று, சொந்தக்காரர்களிடம் கல் நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கியது. எல்லாவற்றையும் எடுத்து மறுபடி வேறு பெயரில் அடுக்க வேண்டியிருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் யார் இதை அடுக்கி முடிப்பது? கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் இன்னும் வேகமாக நடந்தேன். சாமுவேல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க, கொஞ்சம் பின்னாலேயே வந்தார்.

"எஸ்தரு."

"இன்னா?"

"கல்யாணத்துக்கெல்லாம் உன்ன கூப்ட்டுகினு போனேனே. கொஞ்ச நேரம் வந்து நில்லுன்னு சொல்லுவனே. அப்பல்லாம் உனக்கு ரொம்ப வலிச்சுதா?"

"ஆமா."

அவர் அழுதுவிட்டார். நான் அவரைத் தேற்ற வேண்டும் என்று தெரியும், எப்படி என்று தெரியவில்லை. அவர் கையிலிருந்து செருப்பை வாங்கி நான் பிடித்துக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று ரேவதி மேடத்திடம், அவர் அறையில் பேச மாட்டேன், எக்ஸ்ரே அறைக்கு வருவீர்களா என்று கேட்டேன். வந்தார். "லைட்டை அணைச்சிட்டுப் பேசட்டுமா மேடம்?" என்றேன். என்ன நினைத்தாரோ, சரி என்றார். சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் போன் அடித்தது, எடுக்கவில்லை, அணைத்து வைத்தார்.

"இதை வெளிய சொன்னீங்கன்னா, வேலைக்குத் தகுதி இருக்கான்னு மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லுவாங்க எஸ்தர். யோசிச்சுக்குங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பிறகு அவர் கேட்டார்: "சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசிக்க நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார். ஒவ்வொரு நோயாளியாக, கூட ஒரே ஒரு ஆளாக உள்ளே விட வேண்டும். அந்த டியூப் லைட்டை மாற்ற வேண்டும். மதியம் கொஞ்ச நேரம் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. என்னிடம் ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். கதவை மூடிக்கொள்ள வேண்டும்.

"மத்ததெல்லாம் சரி. கதவு மூடறது மட்டும் முடியாது" என்றார். அதில் கடைசி வரை அவர் இறங்கி வரவில்லை. மறுநாள் ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற தடித்த பச்சைத் துணியில் ஒரு திரை தைத்து வாசலில் தொங்கவிட்டார்கள். திரைதானே என்று யாரும் சந்தேகப்படவில்லை. எனக்கும் முகங்கள் தெரியவில்லை.

போர்டுக்கு யாரும் அனுப்பவில்லை. ஊழியர் கூட்டத்தில் நானே சொன்னேன், எழுதி வைத்துப் படித்தேன். அன்றைக்கு நான் கத்தியதிலிருந்து என்னோடு பேசாமல் இருந்த பழனி எழுந்து, "அப்ப அது திமிர் இல்லியாக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அடப் பேஜாரே! நானு இத்தினி மாசம் கோவமா இருந்ததெல்லாம் வேஸ்ட்டா?"

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு பத்து பேர் நுழைந்த நாட்கள் இருந்தன. பாதி வேலையில் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றேன். கவிதா வந்து சேர்ந்த பிறகு அந்த நாட்களில் அவள் பார்த்துக்கொண்டாள். முன்பு ஏன் ஓடுகிறேன் என்று தெரியாமல் ஓடினேன், பிறகு தெரிந்து ஓடினேன். அது பெரிய வித்தியாசம்தான்.

ஓய்வு பெறுகிற அன்று பந்தல், மைக், மாலை, சால்வை என்று வழக்கமான ஏற்பாடு நடக்க இருந்தது. எனக்கு வேண்டாம் என்றேன். வருத்தப்பட்டார்கள். கவிதாதான் ஒரு யோசனை சொன்னாள். எல்லாரும் எக்ஸ்ரே அறைக்கு நோயாளிகள் மாதிரி ஒவ்வொருவராக வரட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று. அப்படியே நடந்தது. வராண்டாவில் வரிசை நின்றது. சிலர் பேசினார்கள். சிலர் பழம் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றுவிட்டுப் போனார்கள். பழனி வந்து, "எக்கா, ஒரு தபா அன்னிக்கி மாரி கத்திக் காட்டேன்" என்றார்.

ரேவதி மேடமும் வரிசையில்தான் வந்தார். நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். விளக்கு மங்கலாக இருந்தது. இருட்டில் நான் பேசிய அந்த ஒரு நாளைத் தவிர, அவர் நடக்காமல் ஓரிடத்தில் இருந்து நான் பார்த்தது அபூர்வம். போனை எடுத்துப் பார்த்து, அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே இரண்டு பேர் அவரைத் தேடிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவர் எழவில்லை.

"எஸ்தர், நான் கொஞ்ச நேரம் இங்கயே இருந்துட்டுப் போகட்டுமா?" என்றார். "பேசணும்னு இல்ல. சும்மா."

நான் மின்விசிறியை நிறுத்தினேன். வெளியே வந்து திரையை இழுத்துவிட்டேன். வராண்டாவில் நல்ல கூட்டம், யாரோ குழந்தை அழுதது, ஸ்ட்ரெச்சர் ஒன்று கடகடவென்று போனது. என்னால் அதிக நேரம் தாங்க முடியாது என்று தெரியும். திரைக்கு முன்னால் நின்றுகொண்டு, மேடம் எங்கே என்று கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "வருவாங்க, இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.